கண்ணாடியை உடைக்காமல் கார் கதவைத் திறந்து கொடுத்த சாவிக்காரர் (காந்தி மார்க்கெட் பக்கம், திருச்சி)

சென்ட்ரல் லாக் வேலை செய்யாமல் போய், கையில் சாவியை வைத்துக்கொண்டே காருக்கு வெளியில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன தை மாதம் ஒரு முகூர்த்த நாளில், விடியற்காலை நாலே முக்காலுக்கு நான் அப்படித்தான் நின்றேன்.

உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கல்யாண ப்ளவுஸ்தான். அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், ஏழரைக்கு முகூர்த்தம். பெண்ணுக்கு மூன்று, அவள் அக்கா, அம்மா, அத்தைமார், சித்திமார் என்று மொத்தம் 14 ப்ளவுஸ். கடைசிக் கொக்கியை வைத்து முடித்தபோது ராத்திரி பத்தரை. காலையில் அவசரத்தில் ஏதாவது விட்டுப்போகும் என்று அப்போதே எல்லாவற்றையும் ஹேங்கரோடு கொண்டுபோய் காரின் பின்சீட்டு மேலே மாட்டினேன். பெயர்ச் சீட்டுகளைச் சரிபார்க்க உள்ளே மேல் லைட்டைப் போட்டேன். அதை அணைக்க மறந்து, ரிமோட்டில் பூட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

கார் 11 வருடப் பழசு. செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆறு வருடம் ஓட்டுகிறேன். பேட்டரி போட்டு நாலு வருடம் தாண்டிவிட்டது. ராத்திரி முழுக்க எரிந்த சின்ன பல்பு அதை மொத்தமாக இறக்கிவிட்டது.

காலையில் ரிமோட்டை அழுத்தினேன். வழக்கமாக நாலு கதவும் சேர்ந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. சரி, சாவியையே போட்டுத் திறப்போம் என்று டிரைவர் கதவில் நுழைத்துத் திருப்பினேன். அசையவே இல்லை. ஆறு வருடத்தில் அந்தத் துவாரத்தில் நான் சாவி போட்டதே கிடையாது, எப்போதும் ரிமோட்தான். பதற்றத்தில் கொஞ்சம் பலமாகத் திருப்பினேன், சாவித் தண்டு லேசாக முறுக்கிக்கொண்டது. மற்ற மூன்று கதவுகளிலும் சாவித் துவாரமே இல்லை. டிக்கியும் கரண்டில் திறக்கிறதுதான். பானெட்டைத் திறந்து வேறு பேட்டரியில் இருந்து கரண்ட் கொடுக்கலாம் என்றால், பானெட் நெம்புகோல் காருக்குள்ளே இருக்கிறது.

உள்ளே மேல் லைட் எரியவில்லை. பனி படிந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் ப்ளவுஸ்கள் வரிசையாகத் தொங்குவது தெரிந்தது. மேக்கப் போடுகிறவர் ஐந்தரைக்கு முகூர்த்த ப்ளவுஸ் கையில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

இன்ஷூரன்ஸோடு ரோட்டோர உதவியும் சேர்த்துதான் பணம் கட்டியிருந்தேன். கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள், கொஞ்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் என்று மெசேஜ் வந்தது. சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தம்பி எழுந்து வந்தான். "அக்கா, பின்னாடி இருக்கிற சின்னக் கண்ணாடிய உடைச்சிடலாம், அதுதான் செலவு கம்மி" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் கார் ஜன்னல் கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி, உடைந்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகச் சிதறும். அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் பெண்ணின் முகூர்த்த ப்ளவுஸ் தொங்குகிறது. கை முழுக்க ஆரி வேலை, ஜரிகைக் கம்பி, சின்னச் சின்னக் கல். அந்த வேலைக்குள் கண்ணாடித் துணுக்கு போய் உட்கார்ந்தால் உதறினாலும் வராது. கல் எது, கண்ணாடி எது என்று கண்ணால் பிரிக்கவும் முடியாது. அதை ஒரு பெண்ணின் உடம்பில் போட்டு மேடை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். உடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வழக்கமாக எனக்கு ஓட்டுகிற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். அவர்தான் இந்தச் சாவிக்கார பாயின் நம்பரைக் கொடுத்தார்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். தூக்கக் கலக்கக் குரல்தான், ஆனால் கேட்ட கேள்விகள் எல்லாம் தெளிவு. "ரிமோட்டை அழுத்தினா ரிமோட்டுல சின்ன சிவப்பு லைட்டு எரியுதாம்மா?" எரிகிறது என்றேன். "அப்ப ரிமோட் பேட்டரி நல்லாத்தான் இருக்கு. டேஷ்போர்டுல மின்னிக்கிட்டே இருக்குமே ஒரு லைட்டு, அது மின்னுதா?" எட்டிப் பார்த்தேன், இல்லை. "அப்ப கார் பேட்டரி படுத்துருச்சு. சாவிய இன்னொரு தடவ திருப்பாதீங்க. முறுக்கின சாவி உள்ள ஒடிஞ்சா வேலை ரெண்டாயிடும்." அடுத்து, "கதவை உள்ள இருந்து பூட்டிட்டு, உள் கைப்பிடிய இழுத்தா திறக்குமா, இல்ல பக்கத்துல இருக்கிற குமிழைத் தள்ளினாத்தான் திறக்குமா?" என்று கேட்டார். குமிழைத் தள்ள வேண்டும் என்றேன். "உள்ள குழந்தை, பெரியவங்க யாரும் இல்லையே?" இல்லை என்றேன்.

அப்புறம் பணம் பற்றி அவராகவே சொன்னார். பகலில் என்றால் 600, விடியற்காலை என்பதால் 800. கதவு திறக்க முடியாமல் போனால் பெட்ரோலுக்கு 100 மட்டும். நான் கேட்காமலே வந்த பதில் இது. இருட்டில், அவசரத்தில் நிற்கிற ஒரு பொம்பளையிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம்.

ஐந்து முப்பத்தைந்துக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பையைக் கீழே வைத்தவர் காரைத் தொடவில்லை. "ஆர்.சி. காட்டுங்கம்மா" என்றார். ஆர்.சி. புக் காருக்குள் இருந்தது. போனில் டிஜிலாக்கரைத் திறந்து காட்டினேன். நம்பர் பிளேட்டோடு ஒப்பிட்டார், பிறகு என் லைசென்ஸைக் கேட்டுப் பெயரைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால், அவரை நான் மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான். பத்து நிமிடத்தில் எந்தக் காரையும் திறக்கத் தெரிந்தவர், யார் காரென்று கேட்காமல் திறந்தால் நம் எல்லாருடைய காரும் திறந்த கார்தான்.

இனி அவர் செய்த வேலை. நானும் கைவேலை செய்கிறவள், அதனால் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கதவின் மேல்விளிம்பில், பின்பக்க மூலையை ஒட்டி, பெயிண்ட்டுக்கு மேலே காகித டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டினார். கதவுச் சட்டத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் சொருகினார். சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் எதையும் எடுக்கவில்லை. அந்த இடுக்கில் மடித்த ரப்பர் பை ஒன்றை நுழைத்தார். டாக்டர் பி.பி. பார்க்கக் கையில் சுற்றுவாரே, அதே மாதிரி பை, அதே மாதிரி அமுக்குகிற குமிழ். இரண்டு அமுக்கு, ஒரு நிறுத்தம். விரலை இடுக்கில் வைத்துப் பார்ப்பார். மறுபடி இரண்டு அமுக்கு. துணியில் சுருக்கம் விழாமல் 'ஈஸ்' (துளித் தளர்வு) கொடுத்துக் கைக்குழியில் ப்ளவுஸ் கையை வைத்துத் தைப்போமே, அந்தப் பொறுமை. ஒரே மூச்சில் காற்றை ஏற்றினால் சட்டம் வளைந்து, பிறகு மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும் என்றார். சுண்டுவிரல் நுழைகிற அளவு இடைவெளி வந்ததும் நிறுத்திவிட்டார்.

பிறகு நீளமான கம்பி. முனையில் கொக்கி, கம்பி முழுக்க ரப்பர் குழாய் மாட்டியிருந்தது, உள்ளே சீட்டோ கண்ணாடியோ கீறாமல் இருக்க. என்னைப் பக்கத்துக் கண்ணாடி வழியாக டார்ச் அடிக்கச் சொன்னார். கம்பி உள்ளே இறங்கி, டிரைவர் கதவின் உள் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கிற குமிழைத் தேடியது. முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை குமிழ் பாதி நகர்ந்து திரும்பிவிட்டது. கம்பியை வெளியே எடுத்தார், முனையில் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றினார், மறுபடி இறக்கினார். மூன்றாவது தடவை குமிழ் நகர்ந்து நின்றது. வெளிக் கைப்பிடியை இழுத்தார், கதவு திறந்தது. டேப் ஒட்ட ஆரம்பித்ததில் இருந்து 13 நிமிடம்.

ஸ்டீல் ஸ்கேலைக் கண்ணாடிப் பக்கம் விட்டுத் திறப்பார்களே, அப்படிச் செய்தால் இன்னும் சீக்கிரம் முடியாதா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார். பழைய காரில் கதவுக்குள் ஒரு கம்பிதான் இருக்கும், ஸ்கேலால் அதைத் தூக்கினால் போதும். இப்போது வருகிற கார்களில் கதவுக்குள் கண்ணாடி ஏற்றும் மோட்டார், லாக் மோட்டார், ஸ்பீக்கர், அவற்றின் ஒயர்கள், சில கார்களில் ஏர்பேக்குக்கான சென்சாரும் இருக்கிறது. கண் தெரியாமல் ஸ்கேலை விட்டுக் கிளறினால் ஒயர் அறுந்து, 800 ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். இன்னொன்றும் சொன்னார். சில கார்களில் வெளியில் இருந்து பூட்டினால் உள்பக்கக் கைப்பிடி, குமிழ் இரண்டும் செத்துப்போகும், திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் திறக்கக் கூடாது என்பதற்காக. அந்த மாதிரி வண்டிக்குக் கம்பி வேலைக்கு ஆகாது, பூட்டைத்தான் பார்க்க வேண்டுமாம். போனில் குமிழைப் பற்றிக் கேட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

ப்ளவுஸ்களை ஆட்டோவுக்கு மாற்றினோம். பாயும் ஹேங்கரைப் பிடித்துக் கொடுத்தார், கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்ட பிறகுதான் பிடித்தார். 800 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச் சாலை திரும்பி, மண்டபத்தில் இறங்கும்போது ஆறு இருபது. தலைப் பின்னலை முதலில் முடிக்கச் சொல்லி நான் போனில் கெஞ்சியிருந்ததால் பெண்ணுக்கு ஒன்றும் தாமதமாகவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர் கடைக்குக் காரை எடுத்துப் போனேன். அதற்குள் புது பேட்டரி போட்டாயிற்று. பழைய பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்த கடைக்காரர் 9 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் காட்டினார், நல்ல பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தால் 12.6 இருக்க வேண்டும். முறுக்கின சாவிக்கும் அசையாத பூட்டுக்கும் வழி பார்க்கத்தான் பாயிடம் போனேன்.

முறுக்கின சாவியை நிமிர்த்தித் தருவார் என்று நினைத்தேன். மாட்டேன் என்றார், நிமிர்த்தினால் முறுக்கின இடத்திலேயே ஒருநாள் ஒடியும். வெர்னியர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு வெட்டின் ஆழத்தையும் அளந்து, தாளில் எழுதிக்கொண்டு, புதுத் தண்டில் வெட்டினார். பழைய சாவியின் தலையைப் பிரித்து உள்ளே இருந்த சிப்பை எடுத்துக் காட்டினார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு, அதற்கென்று பேட்டரி கிடையாது. சாவியை இக்னிஷனில் போட்டதும் வண்டி அந்தச் சிப்பைத்தான் அடையாளம் பார்க்கிறது. அது இல்லாத சாவி கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. அதனால் சிப்பைப் பத்திரமாகப் புதுத் தலைக்குள் மாற்றினார். கூடவே சிப் இல்லாத வெறும் சாவி ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். அது கதவுக்கு மட்டும், வீட்டில் ஆணியில் தொங்குகிறது. ரிமோட்டையும் சாவியையும் உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டால் இது போதும்.

பிறகு டிரைவர் கதவின் பூட்டைக் கழற்றினார். அதைப் பார்த்தபோது எனக்கே வருத்தமாக இருந்தது. உள்ளே எட்டுப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் தலைமுடி மாதிரி ஸ்பிரிங். சரியான சாவி போனால் எட்டும் ஒரே மட்டத்துக்கு வந்து பூட்டு சுழலும். என் பூட்டில் ஆறு வருடப் புழுதியும் காய்ந்த எண்ணெயும் களிம்பு மாதிரி இறுகி, மூன்று தகடுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்ரோலில் கழுவி, துணியில் ஒற்றி, வந்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். தகடு வரிசை மாறினால் சாவி சேராது என்பதால் கழற்றும்போதே ஒரு டேப்பில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். மேலே கிராஃபைட் தூள், பென்சில் முனையில் இருக்கிற அதே கரி. தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதையும் ஊற்றக் கூடாது, எண்ணெய்தான் புழுதியைப் பிடித்து வைக்கிறது என்றார். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கை எனக்கு. அவர் சொல்லியிராவிட்டால் வீட்டில் அதைத்தான் செய்திருப்பேன்.

பூட்டுச் சுத்தம், இரண்டு சாவி, எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

கூட வந்த என் தங்கை, தன் கார் பட்டன் ஸ்டார்ட் என்பதால் சாவியே கிடையாது என்று சொன்னாள். அவள் ரிமோட்டை வாங்கி ஓரத்தில் இருந்த சின்னக் கொக்கியைத் தள்ளினார், உள்ளே இருந்து ஒரு இரும்புச் சாவி வந்தது. கதவின் கைப்பிடி ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நெம்பினால் அடியில் துவாரம். மூன்று வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறாள், இது இருப்பதே அவளுக்குத் தெரியாது. ரிமோட் பேட்டரி தீர்ந்தாலும் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பும் என்றார். உங்களிடம் அந்த மாதிரிக் கார் இருந்தால் இன்றைக்கே போய் அந்த மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது.

உள்ளே குழந்தை மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காசு வாங்க மாட்டாராம், ஆர்.சி. கேட்க மாட்டாராம். "ஆனா எனக்காகக் காத்திருக்காதீங்கம்மா" என்றார். வெயிலில் நிற்கிற கார் சில நிமிடத்திலேயே அடுப்பாகிவிடும். அவசர உதவி எண் 112க்கு ஒருவர் போன் செய்யும்போதே இன்னொருவர் குழந்தைக்குத் தூரமாக இருக்கிற பக்கக் கண்ணாடியை, நடுவில் இல்லாமல் மூலையில் அடித்து உடைக்க வேண்டும். முன் கண்ணாடியை அடித்து நேரத்தை வீணாக்கக் கூடாது, நடுவில் பிலிம் வைத்து ஒட்டிய கண்ணாடி அது, விரிசல் விடுமே தவிர விழாது. ப்ளவுஸுக்காக நான் கண்ணாடியைக் காப்பாற்றினேன். குழந்தை என்றால் முதல் கல் நானே எடுப்பேன்.

குறைகளும் சொல்ல வேண்டும். கதவு மூலையில் ரப்பர் பீடிங் ஓரிடத்தில் லேசாக எழும்பி, வேகமாகப் போகும்போது விசில் மாதிரி காற்றுச் சத்தம் வந்தது. அன்றைக்கே அவர் அதைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். கடைக்குப் போனபோது காட்டினேன், காசு வாங்காமல் அமுக்கிச் சரிசெய்தார், பிறகு சத்தமில்லை. பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் இன்ஷூரன்ஸில் அதற்கு இடமிருந்தால் கேட்க உதவும். போனை முதல் தடவையில் எடுப்பது அபூர்வம். எல்லாச் சாவியும் தொலைந்துபோன பட்டன் ஸ்டார்ட் காருக்குப் புது ரிமோட் பதிவு செய்து தருகிற மெஷின் அவரிடம் இல்லை. கதவைத் திறந்து தருவார், மற்றதற்கு வேறு இடம்தான் போக வேண்டும், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

கடையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் உட்காரும் இடம்தான். பெயர்ப் பலகை கிடையாது, தகரத்தில் சிவப்புப் பெயிண்டில் 'சாவி' என்று மட்டும் எழுதியிருக்கும், கீழே ஒரு பெரிய மரச் சாவி தொங்கும். காரை அங்கே நிறுத்த முடியாது, தள்ளி நிறுத்திவிட்டுக் கூப்பிட்டால் அவரே பையோடு வருகிறார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையில் இருந்து இரண்டு மணி வரை தொழுகைக்குப் போய்விடுவார், அந்த நேரம் போகாதீர்கள்.